வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? கடைக் கவுன்டரில் தினமும் கேட்கிற கேள்விகள்

கும்பகோணத்தில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பெயிண்ட் கடை. அப்பா கல்லாவில் இருந்தபோது கடையில் பாதி இடத்தைச் சுண்ணாம்பு மூட்டையும் காவிக்கட்டியும் நீலப் பொட்டலமும் அடைத்திருக்கும், பெயிண்ட் டின் எல்லாம் பின்னால் ஒரே ஒரு அலமாரி. இப்போது தலைகீழ். கேள்விகள் மட்டும் மாறவே இல்லை. ஒரே பதிலை ஒரு நாளைக்கு 20 தடவை சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். வரிசை எல்லாம் பார்க்காதீர்கள், ஞாபகம் வந்தபடி எழுதியிருக்கிறேன்.

ப்ரைமர், பட்டி, பெயிண்ட். இதில் எது முதல்ல, எது அப்புறம்?

பட்டி என்பது சுவரை வழவழப்பாக்க இழுக்கிற மாவு, ப்ரைமர் என்பது பெயிண்ட் நன்றாகப் பிடிக்க அதற்கு அடியில் அடிப்பது. பெயிண்டர்களுக்குள்ளேயே சண்டை வரும் விஷயம் இது. ப்ரைமர் அடித்துவிட்டுத்தான் பட்டி பார்க்கணும் என்பார் ஒருவர், பட்டிக்கு மேலேதான் ப்ரைமர் என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு விதமான பட்டியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

இன்றைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாங்குவது வெள்ளை சிமெண்ட் பட்டி, தூளாக மூட்டையில் வருவது. அது சிமெண்ட் இனம், சுவரோடு தண்ணீரைக் குடித்துத்தான் இறுகும். அதனால் சுவரை லேசாக நனைத்துவிட்டு நேரடியாகக் கொத்தனார் போட்ட சிமெண்ட் பூச்சு மேலேயே இழுக்கலாம், அடியில் ப்ரைமர் தேவையில்லை. அது காய்ந்து, தேய்த்து, தூசி தட்டிய பிறகு ப்ரைமர் ஒரு கை (ஒரு கை என்றால் சுவர் முழுக்க ஒரு தடவை), அதற்கு மேல் பெயிண்ட் இரண்டு கை. டப்பாவில் பசை மாதிரி குழைவாக வருகிற அக்ரிலிக் பட்டி வேறு சாதி. அதற்கு அடியில் ஒரு கை ப்ரைமர், பட்டி, பிறகு மேலே இன்னொரு கை ப்ரைமர்.

பட்டியைக் கலக்குவதில்தான் பாதி வேலை கெடுகிறது. கிலோவுக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர். தண்ணீரில் தூளைப் போட வேண்டும், தூளில் தண்ணீரை ஊற்றக்கூடாது, அப்படிச் செய்தால் கட்டி தட்டும். கலக்கிவிட்டு 10 நிமிஷம் விட்டு மறுபடி ஒரு கலக்கு. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்க்கிற அளவுதான் கலக்கணும். மதியம் சாப்பிட்டு வந்து, இறுகிப்போன பட்டியில் மறுபடி தண்ணீர் விட்டு இளக்கி இழுப்பார்கள் சிலர். அந்த இடம்தான் ஆறு மாதத்தில் தூள் தூளாகக் கொட்டும். இரண்டு கையும் சேர்த்து மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. சுவரில் அதைவிடப் பெரிய பள்ளம் இருந்தால் அது கொத்தனார் வேலை, பட்டி வேலை கிடையாது.

புதுப் பூச்சு போட்டு எத்தனை நாளில் பெயிண்ட் அடிக்கலாம்? தை மாசம் கிரகப்பிரவேசம் வெச்சிருக்கோம்.

இந்தக் கேள்வியில் "தை மாசம்" என்ற பகுதிதான் எனக்குப் பயம். 28 நாள். முதல் ஏழு பத்து நாள் சுவருக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், அதற்குப் பிறகு காய விட வேண்டும். ஈரமான இடமாக இருந்தால் 28 நாளும் போதாது.

ஏன் என்று கேட்டால், என் தங்கை வீட்டுக் கதையைச் சொல்கிறேன். பூச்சு முடிந்து 12 நாள், முகூர்த்தத்துக்கு ஐந்து நாள். ஹால் சுவருக்கு மட்டும் எண்ணெய் ப்ரைமர் ஒரு கை அடித்து மேலே பெயிண்ட் போட்டுவிட்டார்கள், சரக்கு கொடுத்தது நான், கூடாது என்று தெரிந்தே கொடுத்தேன், மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கிரகப்பிரவேசம் அன்றைக்குச் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. பங்குனி வெயிலில் ஆங்காங்கே கொப்புளம். ஆடியில் போய்ப் பார்த்தால் ஒரு இடத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்ததும் முழம் நீளத்துக்கு உரிந்து வந்தது, வாழைப்பட்டை உரிக்கிற மாதிரி. பின்பக்கம் தொட்டால் பிசுபிசுவென்று வழுக்கியது.

அந்த வழுக்கல் வேறு ஒன்றுமில்லை, சோப்பு. புது சிமெண்ட்டில் காரம் மிக அதிகம். எண்ணெய்யும் காரமும் ஈரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது சோப்பு காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும். சுவருக்கும் பெயிண்டுக்கும் நடுவில் அதே வேலைதான் நடக்கிறது. தண்ணீரில் கரைக்கிற ப்ரைமர் அந்தக் காரத்தைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் அடியிலுள்ள ஈரத்தை அதுவும் தாங்காது.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் பெயிண்டரைப் போகச் சொல்லிவிடுங்கள். முகூர்த்தத்தைத் தள்ள முடியாவிட்டால், ஒரு கை வெள்ளை சுண்ணாம்போ வெள்ளை சிமெண்டோ அடித்து விருந்து சாப்பிட்டுவிட்டு, நாலைந்து மாதம் கழித்து முறையாகப் பெயிண்ட் அடியுங்கள். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

டிஸ்டெம்பர், எமல்ஷன், எனாமல். என்ன வித்தியாசம் அண்ணே?

எந்தப் பெயிண்டிலும் மூன்று சரக்குதான்: நிறம் தரும் தூள், அந்தத் தூளைச் சுவரில் பிடித்துவைக்கும் பசை, இரண்டையும் இளக்கி வைக்கும் திரவம். திரவம் ஆவியாகிவிடும், மிச்சம் இரண்டும் சுவரில் தங்கும். விலை வித்தியாசம் முக்கால்வாசி அந்தப் பசையில்தான்.

டிஸ்டெம்பரில் சாக்பீஸ் மாதிரியான தூள் அதிகம், பசை கம்மி. அதனால் மலிவு, அதனாலேயே சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் வெள்ளையாக ஒட்டும். ஈரத்துணியால் நாலு தடவை துடைத்தால் துணிக்கு வந்துவிடும். எமல்ஷனில் அக்ரிலிக் பசை தண்ணீரில் மிதக்கிறது, காய்ந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தோல் மாதிரி ஆகிவிடும், துடைக்கலாம். எனாமல் எண்ணெய் இனம், டர்பன்டைனில் இளகும், ராத்திரி முழுக்கக் காய வேண்டும், வாடை அடிக்கும். இரும்புக்கும் மரத்துக்கும் எனாமல், சுவருக்கு எமல்ஷன். வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு டிஸ்டெம்பர் போதும் என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள், அதில் நான் கருத்து சொல்வதில்லை.

மேட், ஷீன், சாட்டின், கிளாஸ்னு கேட்கிறாங்க. எதை எடுக்கிறது?

பளபளப்பு எவ்வளவு என்பதற்கான பெயர்கள் அவை. மேட் என்றால் மினுமினுப்பே கிடையாது. ஷீன், சாட்டின் எல்லாம் நடுத்தரம், கிளாஸ் என்றால் முகம் தெரியும்.

எல்லோரும் முதலில் பளபளப்பைத்தான் கேட்பார்கள். உங்கள் சுவர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பட்டி பார்த்ததில் எங்கே கரண்டி நின்றது, எங்கே மேடு பள்ளம் என்பதையெல்லாம் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிடும். பகலில் தெரியாது. சாயங்காலம் சுவரோரமாக இருக்கிற டியூப்லைட்டைப் போட்டுப் பாருங்கள், வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு போகும்போது அலை அலையாகத் தெரியும். பழைய வீடு, கோணல் சுவர் என்றால் மேட் பெயிண்டுக்குப் போங்கள். குழந்தைகள் பென்சிலால் கிறுக்குகிற வீடு, எண்ணெய்க் கை படுகிற சமையலறை, சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கறுக்கிற இடம், இதற்கெல்லாம் சாட்டின் நல்லது, துடைக்கலாம். மேட் பெயிண்டை அழுத்தித் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் மினுமினு என்று தனியாக நிற்கும்.

சீலிங்குக்கு மேட் தவிர வேறு எதையும் கேட்காதீர்கள்.

சுண்ணாம்பு அடிச்ச சுவர் மேலே எமல்ஷன் அடிக்கலாமா?

சுரண்டாமல் அடித்தால் பணம் தண்டம். 30 வருஷமாக வருஷா வருஷம் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். எமல்ஷன் காயும்போது இறுகி இழுக்கும், அந்த இழுப்பில் சுண்ணாம்போடு சேர்த்துப் பெயர்ந்து வரும். தகடு வைத்துச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, கழுவி, காயவைத்து, அப்புறம் ப்ரைமர். எங்கே நிறுத்துவது என்று தெரியாவிட்டால் செல்லோ டேப்பை ஒரு துண்டு சுவரில் அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிடுங்குங்கள். டேப்பில் வெள்ளை ஒட்டி வந்தால் இன்னும் சுரண்ட வேண்டும்.

இந்தக் காலத்தில் யாராவது சுண்ணாம்பு அடிப்பாங்களா?

நான் அடிக்கிறேன். மொட்டைமாடிக்கும், பின்கட்டுச் சுவருக்கும், மாட்டுக்கொட்டகைக்கும்.

சுண்ணாம்பு என்பது தானாகக் கல்லாக மாறுகிற பெயிண்ட். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுடுகிறார்கள், அதிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. சுட்டதைத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். அதைக் கரைத்துச் சுவரில் அடித்தால், காற்றில் இருக்கிற கரியமில வாயுவை மறுபடி வாங்கிக்கொண்டு பழையபடி கல்லாகிவிடுகிறது. அதனால்தான் அடித்தவுடன் தண்ணி மாதிரி சுவர் தெரியும், "என்னடா ஏமாத்திட்டானா" என்று தோன்றும், மறுநாள் காலையில் பார்த்தால் வெள்ளை வெளேர் என்று ஏறியிருக்கும்.

அப்பா சொல்லிக் கொடுத்த பக்குவம் இது. சுட்ட சுண்ணாம்பைப் பீப்பாயில் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒதுங்கி நிற்க வேண்டும். தெறித்துக் கண்ணில் பட்டால் கண் போய்விடும், இதில் மிகைப்படுத்தல் இல்லை. பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது. ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்கு இளக்கணும். கையில் ஒட்டாமல் இருக்க அரிசிக் கஞ்சியோ வஜ்ரம் என்கிற பசையோ கொஞ்சம். மஞ்சள் சாயல் தெரியாமல் இருக்கத் துணிக்குப் போடுகிற நீலம் ஒரு சிட்டிகை. நீலம் கூடினால் வீடே பழைய ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும். கெட்டியாக ஒரே கையில் அடித்தால் பொரிந்துவிடும், தண்ணியாக மூன்று கை அடித்தால் நிற்கும். நார் மட்டையால் அடிப்பதுதான் வாகு, ரோலர் இதற்கு ஆகாது.

கலர் வேண்டுமென்றால் எல்லாச் சாயமும் சுண்ணாம்பில் நிற்காது, காரம் தின்றுவிடும். மண்ணிலிருந்து வருகிற நிறம்தான் நிற்கும்: காவி, மஞ்சள் மண். கோயில் மதிலில் பட்டை பட்டையாக அடித்திருக்கிற காவி எத்தனை வருஷ வெயிலைத் தாங்குகிறது பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காவி, கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு, தாத்தா வீட்டுச் சிவப்புத் தரை, மூன்றிலும் நிறம் தருவது ஒரே சரக்கு: இரும்பு ஆக்சைடு. துருவுக்கும் அதுதான் பெயர். துரு பிடிக்காமல் இருக்கத் துருவின் நிறத்தையே பூசுகிறோம்.

கீழ்ச் சுவரில் முட்டி உயரத்துக்கு பெயிண்ட் உப்பி உப்பி விழுது. நல்ல டேம்ப் ப்ரூஃப் பெயிண்ட் எது?

டெல்டாவில் கடை வைத்திருக்கிறவனிடம் அதிகம் வருகிற கேள்வி இது, நான் அதிகம் விரோதம் சம்பாதிக்கிற பதிலும் இதுதான்: எந்தப் பெயிண்டும் இல்லை. ஓதம் என்பது சுவருக்குள் இருக்கிற தண்ணீர். பெயிண்ட் அதை நிறுத்தாது, கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். முட்டி அல்லது இடுப்பு உயரம் வரை ஒரே கோடாக இருந்தால் தரையிலிருந்து ஏறுகிறது, விளக்குத் திரி எண்ணெய்யை இழுக்கிற மாதிரி செங்கல் இழுக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் வட்டமாக இருந்தால் பின்பக்கம் குளியலறைக் குழாய் கசிகிறதா பாருங்கள். மேலே மூலையில் என்றால் மொட்டைமாடி, மழை பெய்த அன்றைக்கு மட்டும் பெரிதாகும். வெளியே தோட்டத்து மண் வீட்டுத் தரையைவிட மேடாக ஏறியிருந்தால் அதை வெட்டி எடுத்தாலே பாதி குணமாகும், செலவு ஒரு நாள் கூலி.

பழைய வீட்டில் இன்னொரு கோளாறு. சுண்ணாம்புக் காரையில் கட்டின சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், 80 வருஷம் அப்படித்தான் நின்றிருக்கிறது. அதைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூச்சுப் போட்டு, மேலே தண்ணீர் புகாத பெயிண்டையும் அடித்து மூச்சை அடைத்துவிடுகிறோம். ஈரம் இன்னும் மேலே ஏறி, முட்டி அளவில் இருந்தது தோள் அளவுக்கு வரும். அந்த மாதிரிச் சுவருக்கு மறுபடி சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும்தான் மருந்து. இதைச் சொன்னால் "விக்கிறதுக்கு மனசில்லையா" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

சுவரில் வெள்ளையா பஞ்சு மாதிரி உப்பு பூக்குது. கழுவிடலாமா?

கழுவாதீர்கள். செங்கல்லிலும் மணலிலும் இருக்கிற உப்பு ஈரத்தில் கரைந்து வெளியே வந்து காய்ந்து நிற்கிறது. கழுவினால் மறுபடி கரைந்து உள்ளே போய் அடுத்த வாரம் வரும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிப் பெருக்கி வெளியே கொட்டுங்கள். ஈரம் நின்றால்தான் உப்பு நிற்கும், மேலே சொன்ன கதைதான்.

ஒரு ரூமுக்கு எத்தனை லிட்டர் ஆகும்?

10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கச் சுவரின் நீளம் 44 அடி, உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவு 21, ஜன்னல் 16, கழித்தால் 403. சீலிங் தனியாக 120.

பட்டி பார்த்து ப்ரைமர் அடித்த சுவரில், எமல்ஷன் இரண்டு கைக்கு லிட்டருக்கு 100 முதல் 120 சதுர அடி வரும். ஆக நாலு லிட்டர் டின் ஒன்று சுவருக்கு, ஒரு லிட்டரோ கொஞ்சம் கூடவோ சீலிங் வெள்ளை. பட்டி கிலோவுக்கு 12 முதல் 15 சதுர அடி, ஆக 40 கிலோ மூட்டை ஒன்று. பழைய சுவருக்குப் பட்டி இவ்வளவு ஆகாது. அடர்ந்த கலருக்கு மேல் வெளிர் கலர் அடித்தால் மூன்றாவது கை கட்டாயம், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டர் தண்ணி நிறைய கலக்குறார்னு சந்தேகமா இருக்கு.

எமல்ஷனில் தண்ணீர் கலக்கத்தான் வேண்டும். எவ்வளவு என்பது டின்னிலேயே எழுதியிருக்கும், ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு அளவு. ஒரு லோட்டாவை வைத்துக்கொண்டு முதல் டின் கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், சண்டை வேண்டாம், சும்மா நில்லுங்கள். சுவரில் அடித்ததும் சொட்டுச் சொட்டாக வழிந்தால், இரண்டு கைக்கு அப்புறமும் ப்ரைமர் தெரிந்தால், தண்ணீர் அதிகம்.

அடுத்து டோக்கன். பல கம்பெனிகள் டின்னுக்குள்ளும் பட்டி மூட்டைக்குள்ளும் பெயிண்டருக்கென்று டோக்கன் போடுகிறார்கள், அதைக் கொடுத்தால் காசு, இப்போது போனில் ஸ்கேன் செய்தால் கணக்கில் ஏறுகிறது. உங்கள் பெயிண்டர் ஒரே கம்பெனியை விடாமல் சொல்வதற்கும், டின்னை நானே திறக்கிறேன் என்பதற்கும் காரணம் சில நேரம் அதுதான். இதில் குற்றம் எதுவும் நான் பார்க்கவில்லை, சாரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவருக்கு அது ஒரு டீக்காசு. ஆனால் 8 டின் போதுமான இடத்துக்கு 10 டின் எழுதிக் கொடுத்தால் கேளுங்கள். திறக்காத டின்னை வாங்கிக்கொள்வீர்களா என்று கடையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மிஷினில் கலர் கலந்த டின்னை நாங்கள் திரும்ப வாங்க மாட்டோம், அதை வேறு யார் தலையில் கட்டுவது?

அட்டையில் பார்த்த கலர் சுவரில் வேற மாதிரி இருக்கே?

அட்டையில் இருப்பது தீப்பெட்டி அளவு. அதே கலர் நாலு சுவரிலும் நின்று ஒன்றின் மேல் ஒன்று பிரதிபலித்தால் இரண்டு மடங்கு அடர்த்தியாகத் தெரியும். அதனால் மனதுக்குப் பிடித்ததற்கு ஒரு படி வெளிரியதை எடுங்கள். கடையின் வெள்ளை டியூப்லைட்டில் தேர்ந்தெடுத்துவிட்டு வீட்டில் மஞ்சள் பல்பைப் போட்டால் நிறம் மாறத்தான் செய்யும். ஒரு லிட்டர் வாங்கி, ஜன்னல் பக்கச் சுவரில் மூன்றடிக்கு மூன்றடி அடித்து, காலை, மத்தியானம், ராத்திரி மூன்று வேளையும் பாருங்கள்.

மிஷினில் ஒரே குறியீட்டைப் போட்டாலும் இன்று கலந்த டின்னுக்கும் அடுத்த வாரம் கலந்த டின்னுக்கும் மயிரிழை வித்தியாசம் வரலாம். ஒரு சுவருக்கு வேண்டியதைப் பெரிய வாளியில் மொத்தமாகக் கொட்டிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். சுவரின் நடுவில் டின் மாறினால் அந்த இடம் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

கேட், கிரில் துரு பிடிச்சிருக்கு.

கம்பி பிரஷ், எமரி தாள், கை வலிக்கிற வரை தேய்ப்பு. பொருக்குத் துரு மேலேயே எனாமல் அடித்தால் துரு உள்ளே இருந்தபடி வளரும். தேய்த்த அன்றைக்கே ரெட் ஆக்சைடு ஒரு கை, நம் ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் மறுபடி பூக்கும். மறுநாள் எனாமல் இரண்டு கை, நடுவில் ஒரு ராத்திரி இடைவெளி.

ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. பைப் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அதன் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சும் எனாமலின் எண்ணெய்யும் ஒத்துப்போகாது, தகடு தகடாக உரிந்துவிடும். அதற்கென்று தனி ப்ரைமர் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

வெள்ளை எனாமல் அடிச்ச கதவு மஞ்சளாயிடுச்சு, சரக்கு மட்டமா?

இல்லை, அதன் குணமே அது. வெளிச்சம் படாத இடத்தில், அலமாரிக் கதவின் உள்பக்கத்தில், இன்னும் சீக்கிரம் மஞ்சளாகும். வெள்ளைதான் வேண்டுமென்றால் தண்ணீரில் கரைகிற எனாமல் வந்திருக்கிறது, அதைப் பாருங்கள்.

தேக்குக் கதவுக்கு வார்னிஷா, பாலிஷா?

பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் கட்டி, அதில் தோய்த்துத் தோய்த்துத் தேய்ப்பது. அவசரக்காரர் வேலை கிடையாது, பத்துப் பதினைந்து தடவை மெல்லிசாக ஏற்ற வேண்டும். மரத்தின் ரேகை உள்ளிருந்து விளக்கு வைத்த மாதிரி எழும்பும், அந்த அழகு வேறு எதிலும் வராது. ஆனால் சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும், சாரல் பட்டால் பூத்துப்போகும். வீட்டுக்குள் இருக்கிற ஊஞ்சல் பலகை, பீரோ, பூஜை அறைக் கதவுக்குச் சரி, வாசல் கதவுக்கு வேண்டாம். வாசல் கதவுக்கு வெளிப்புறத்துக்கென்று வருகிற வார்னிஷ், காசு இருந்தால் பி.யு. என்கிற பாலியூரிதேன் அடிக்கலாம். மெலமைன் என்று இன்னொன்று சொல்வார்கள், பளபளவென்று இருக்கும், வெயில் படாத உள்பக்கத்துக்கு மட்டும்.

நிலைப்படிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசி ஈரத்துணி போட்டுத் துடைக்கிற இடத்தில் எந்த பாலிஷும் ஒரு வருஷம் தாங்காது. அதனால்தான் பல வீட்டில் மஞ்சள் எனாமல் அடித்து, மேலே சிவப்பில் பொட்டும் கோலமும் போட்டுவிடுகிறார்கள். ரசனை இல்லை என்று சில இன்ஜினியர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும்.

டர்பன்டைன், தின்னர், ஸ்பிரிட் மூணும் ஒண்ணுதானே?

இல்லை. எனாமலுக்கும் வார்னிஷுக்கும் டர்பன்டைன், அரக்கு பாலிஷுக்கு ஸ்பிரிட், லாக்கர் என்கிற மரப் பூச்சு வகைகளுக்கு அந்தந்த தின்னர். எனாமலில் தின்னர் ஊற்றினால் சீக்கிரம் காயும் என்று ஊற்றுகிறார்கள், பளபளப்பு செத்துப்போகும். மூன்றும் தீப்பிடிக்கும், சமையலறையில் வைக்காதீர்கள்.

வெளிச் சுவருக்கு ஸ்னோசெம் போதாதா?

சிமெண்ட் பெயிண்டுக்கு ஒரு கம்பெனியின் பெயரே பொதுப்பெயராகிவிட்டது. மலிவுதான், இரண்டு மூன்று வருஷம் வரும். ஆனால் அதுவும் சிமெண்ட், அடித்த பிறகு தண்ணீர் தெளிக்க வேண்டும், அதை யாரும் செய்வதில்லை, அப்புறம் தொட்டால் கையில் மாவு ஒட்டுகிறது என்று வருவார்கள். முடிந்தால் எக்ஸ்டீரியர் எமல்ஷனுக்குப் போங்கள். அதற்கு முன்னால் பாசியும் கறுப்புப் பூஞ்சையும் பிடித்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். உயிரோடு இருக்கிற பாசி மேல் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்கு எட்டிப் பார்க்கும்.

எந்த மாசம் அடிக்கலாம்?

தை முடிந்து புரட்டாசி வரை. ஐப்பசி, கார்த்திகையில் வெளிச் சுவரைத் தொடாதீர்கள். சித்திரை வெயிலில் கிழக்குச் சுவரைச் சாயங்காலமும் மேற்குச் சுவரைக் காலையிலும் அடிக்கச் சொல்லுங்கள், சூடேறிய சுவரில் பெயிண்ட் பிடிப்பதற்குள் காய்ந்துவிடும். பொங்கலுக்கு முந்தின வாரம் பெயிண்டர் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் மூன்று வீட்டை ஒரே நேரத்தில் பார்ப்பார்.

பழைய பெயிண்டைச் சுரண்டினா குழந்தைங்களுக்கு ஆபத்தா?

பழைய எனாமலாக இருந்தால் ஆம், அதில் காரீயம் இருந்திருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம்.முக்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல், இருக்கக்கூடாது என்று 2016இல் விதி போட்டார்கள், 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த ஜன்னல், கதவு, கிரில் என்றால் காய்ந்தபடி தேய்க்க விடாதீர்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற தாள் இருக்கிறது, அதைப் போடச் சொல்லுங்கள். அன்றைக்குப் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தூளை ஈரத்துணியால் வழித்து எடுங்கள், விளக்குமாறு வேண்டாம். பட்டித் தூசியும் சாதாரணமில்லை. தேய்க்கிற பையனுக்கு ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், கைக்குட்டை கட்டினால் போதாது.

ரோலரா, பிரஷ்ஷா?

சுவருக்கு ரோலர், ஓரத்துக்கும் மூலைக்கும் பிரஷ். ப்ரைமரை மட்டும் பிரஷ்ஷால் தேய்த்து அடித்தால் பிடிமானம் நல்லது.

மிச்சம் இருக்கிற பெயிண்டை என்ன பண்றது?

டச்சப்புக்கு அரை லிட்டர் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிவறைச் சுவருக்கோ காம்பவுண்டு உள்பக்கத்துக்கோ அடித்துத் தீர்த்துவிடுங்கள். வைத்துக்கொள்வதைச் சின்ன டப்பாவுக்கு மாற்றி, காற்றுப் புகாமல் மூடி, நிழலில் வையுங்கள். திறக்கும்போது அழுகின முட்டை வாடை அடித்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

மூடியின் மேல் கலர் குறியீடு, எந்த அறை, எந்த வருஷம் மூன்றையும் மார்க்கரால் எழுதுங்கள். "அதே லைட் பச்சை கொடுங்க" என்று வருகிறார்கள், என்னிடம் இருக்கிற அட்டையில் வெளிர் பச்சை மட்டும் நாலு பக்கம். எழுதி வைக்கவில்லையென்றால் போனில் எடுத்த போட்டோவைக் காட்டாதீர்கள், எந்த போனிலும் அந்தக் கலர் சரியாக வராது. கதவுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடத்தில் ரூபாய்க் காசு அளவுக்குச் சுவரைப் பெயர்த்து, காகிதத்தில் மடித்துக் கொண்டு வாருங்கள்.